விளக்கு எரிந்தால் மட்டும் போதாது

அடுக்குமாடி மின்தூக்கியின் உட்சுவரில் மணிப்படம் போட்ட ஒரு பொத்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாட்டில் ஒயரில் தொங்கும் ஓர் அழுத்தி. செம்பனை ஆலையில், கொதிகலன் அறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த ஓர் இரும்புப் பெட்டி. காவலர் சாவடியில் வீட்டு எண்கள் வரிசையாக எழுதிய ஒரு பலகை. இந்த நான்கும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். குடும்பப் பெயர் இண்டர்காம். கம்பி வழியாக ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குப் பேச உதவும் சாதனம் இது.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம் மக்களில் பலர் இன்று சிரம்பானிலும் நீலாயிலும் அடுக்குமாடிகளில் குடியிருக்கிறார்கள். பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் காவல் வேலைக்கும் போகிறார்கள். தோட்டத்திலேயே தங்கிவிட்ட குடும்பங்களிலும் ஒருவராவது ஆலையில் வேலை செய்கிறார். ஆகவே இந்தப் பெட்டி ஏதாவது ஒரு நாளில் நம் எல்லாருடைய கைக்கும் எட்டும் தூரத்தில் இருக்கத்தான் போகிறது. அதில் உள்ள பொத்தானும் விளக்கும் என்ன சொல்கின்றன என்று தெரிந்து வைத்துக்கொள்வது, தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வதைப் போன்றது. இருட்டிய பிறகு தேடிக்கொண்டிருக்க முடியாது.

மணியும் பெட்டியும்

தோட்டத்தில் செய்தி சொல்லும் பழைய சாதனம் பெரட்டு மணி. விடியுமுன் மணி அடிக்கும். எல்லாரும் எழுந்து போவோம். மணி பேசும், நாம் கேட்போம். மணியிடம் நாம் திருப்பி ஒரு வார்த்தை சொல்ல முடியாது. 1949 ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் ரீடிஃபியூஷன் என்ற கம்பி வானொலி வந்தது. வீட்டுச் சுவரில் ஒரு பெட்டி, அதில் ஒரு குமிழ். பாட்டும் செய்தியும் கம்பி வழியே வந்தன. அதுவும் ஒருவழிப் பாதைதான்.

இண்டர்காம் இருவழிப் பாதை. உலகின் முதல் தொலைபேசிப் பேச்சே ஒரு வகையில் இண்டர்காம் பேச்சுத்தான். 1876 மார்ச் 10 ஆம் நாள் பாஸ்டன் நகரில் அலெக்சாண்டர் கிரகாம் பெல், அடுத்த அறையில் இருந்த தம் உதவியாளர் வாட்சனைக் கம்பி வழியாகத் தம்மிடம் வருமாறு அழைத்தார். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு! வாட்சனும் வந்து, தமக்குக் கேட்டது என்ன என்று சொன்னார். அவர் வந்த பிறகுதான் கருவி வேலை செய்தது என்பது பெல்லுக்கு உறுதியாயிற்று. இந்தச் சிறு விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரையின் சாரம் அதில்தான் இருக்கிறது.

பெட்டியின் முகத்தில் என்ன இருக்கிறது?

சாதாரண இண்டர்காம் அமைப்பில் ஒரு தலைமைப் பெட்டியும் பல கிளைப் பெட்டிகளும் இருக்கும். தலைமைப் பெட்டி அலுவலகத்திலோ கட்டுப்பாட்டு அறையிலோ இருக்கும். கிளைகள் வேலை நடக்கும் இடங்களில் இருக்கும். பழைய அமைப்புகளில் ஒலியைப் பெருக்கும் பகுதி தலைமைப் பெட்டியில் மட்டுமே உண்டு.

தலைமைப் பெட்டியின் முகப்பில் முதலில் தெரிவது இடம் தேர்ந்தெடுக்கும் பொத்தான்கள். ஒன்று கொதிகலன், இரண்டு எடை மேடை, மூன்று ஸ்டோர் என்று ஒவ்வொன்றிற்கும் ஒரு பொத்தான். எந்தப் பொத்தானை அழுத்துகிறோமோ அந்த இடத்துடன் கம்பி சேரும்.

அடுத்தது பேச்சுப் பொத்தான். இதுதான் பலரையும் தடுமாற வைப்பது. பல பெட்டிகளில் ஒரே ஒலிபெருக்கிதான் வாயும் காதுமாக இருக்கிறது. பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்போது அது ஒலிவாங்கியாகி நம் குரலை அனுப்பும். கையை எடுத்ததும் அது மறுபடி ஒலிபெருக்கியாகி எதிர்முனைக் குரலைத் தரும். ஆகவே அழுத்திய கையை எடுக்காமலே, "ஏன் பதில் வரவில்லை?" என்று கேட்டால் பதில் எப்படி வரும்? அவர் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார், நம் பெட்டிக்கு அப்போது காது இராது. அழுத்தி, ஒரு நொடி பொறுத்துப் பேச வேண்டும். பேசி முடித்தபின் கையை எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் முதல் வார்த்தை அறுந்துபோகும். "வால்வைத் திறக்காதே" என்பதில் கடைசி எழுத்துகள் அறுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, ஒலிக்குமிழ். பெரும்பாலான பெட்டிகளில் இது நமக்குக் கேட்கும் சத்தத்தை மட்டுமே கூட்டும், குறைக்கும். நம் குரல் எதிர்முனையில் எவ்வளவு கேட்கும் என்பதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. இரவு வேலையில் சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று யாராவது குமிழை அடியோடு திருப்பி வைத்துவிட்டால், மறுநாள் வருபவருக்கு அழைப்பே கேட்காது. வேலை மாறும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்தக் குமிழைத்தான்.

நான்காவது, மறைவுச் சுவிட்சு. 'பிரைவசி' என்று எழுதியிருக்கும். சில அமைப்புகளில் தலைமைப் பெட்டியில் இருப்பவர், கிளைப் பெட்டி இருக்கும் அறையின் பேச்சை அங்குள்ளவர் எதையும் அழுத்தாமலே கேட்க முடியும். கை நிறைய வேலை இருப்பவருக்கு இது வசதி. ஆனால் நாம் தனியாகப் பேசுகிறோம் என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதும் கேட்க முடியும். மறைவுச் சுவிட்சைப் போட்டால் அந்தக் காது அடைபடும். நம் பெட்டியில் அப்படி ஒரு சுவிட்சு உண்டா, அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று அறிந்துகொள்வது தொழிலாளியின் நியாயமான உரிமை.

விளக்குகளின் மொழி

இனி விளக்குகளுக்கு வருவோம். விளக்கு எரிகிறது என்றவுடன் எல்லாம் சரி என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் ஒவ்வொரு சிறுவிளக்கும் ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்லும். அது எந்தச் செய்தி என்று நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நிறமும் மினுக்கும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். ஆகவே வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே மூன்று கேள்விகளைக் கேட்டு வையுங்கள்.

பெட்டிக்கு மின்சாரம் வருகிறது என்று சொல்லும் விளக்கு எது? நான் விடுத்த அழைப்பு கம்பியில் போய்விட்டது என்று சொல்லும் விளக்கு எது? எதிர்முனையில் ஓர் ஆள் எடுத்துவிட்டார் என்று சொல்லும் விளக்கு எது?

முதல் விளக்கு எல்லாப் பெட்டிகளிலும் அநேகமாக உண்டு. இரண்டாவது பலவற்றில் உண்டு. மூன்றாவது எல்லாவற்றிலும் இல்லை. இரண்டாவது விளக்கைப் பார்த்துவிட்டு அதை மூன்றாவதாக எண்ணி நிம்மதி அடைவதுதான் ஆபத்து. கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டதும், "அண்ணன் படித்துவிட்டார்" என்று சொல்வதைப் போன்றது அது.

உலகம் கற்ற இரு பாடங்கள்

இது சின்ன விஷயம் என்று எண்ண வேண்டாம். 1979 மார்ச் 28 ஆம் நாள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்ததைப் பாருங்கள். அழுத்தம் கூடியபோது திறந்த ஒரு வால்வு, மறுபடி மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் சிக்கிக்கொண்டது. ஆனால் கட்டுப்பாட்டுப் பலகையில் அதற்கான விளக்கு அணைந்துவிட்டது. வால்வு மூடிவிட்டது என்று ஊழியர்கள் நம்பினார்கள். அந்த விளக்கு உண்மையில் சொன்னது, 'மூடு' என்ற மின் உத்தரவு போயிற்று என்பதை மட்டுமே. வால்வு மூடியதா என்று அதற்குத் தெரியாது. இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. அணு உலையின் உட்பகுதியில் ஒரு பங்கு உருகிப்போனது. படித்த பொறியாளர்கள் நிறைந்த இடத்திலேயே ஒரு சிறுவிளக்கின் பொருள் தவறாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

பேச்சுப் பொத்தானைப் பற்றிய பாடம் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் கிடைத்தது. 1977 மார்ச் 27 ஆம் நாள் ஸ்பெயின் நாட்டின் டெனரிஃப் தீவில், மூடுபனியில், இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதின. 583 பேர் இறந்தனர். விபத்துக்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று இது: கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவரும் ஒரு விமானத்தின் விமானிகளும் ஒரே நேரத்தில் பேச்சுப் பொத்தானை அழுத்திப் பேசினார்கள். புறப்படத் தொடங்கியிருந்த மற்ற விமானத்தில், "நாங்கள் இன்னும் ஓடுபாதையில் இருக்கிறோம்" என்ற செய்தி கீச்சென்ற ஒலியில் சிக்கித் தெளிவில்லாமற் போயிற்று. அது கம்பியில்லாக் கருவி என்றாலும் பொத்தானின் விதி ஒன்றுதான். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் சொல்வதும் போய்ச் சேராது.

இந்தப் பாடத்தை நம் பாட்டன்மார் ஏறி வந்த கப்பல்களே அறிந்திருந்தன. 1926 இல் கட்டப்பட்ட ரஜூலா போன்ற நீராவிக் கப்பல்களின் காலத்தில், மேல்தளத்தில் கப்பல் தலைவரின் அருகே வட்டமான ஒரு தந்திப் பலகை இருக்கும். "மெதுவாக முன்னே", "நிறுத்து" என்று அதில் எழுதியிருக்கும். தலைவர் கைப்பிடியைத் திருப்பினால் கீழே எந்திர அறையில் மணி அடித்து முள் நகரும். எந்திரக்காரர் தம் கைப்பிடியையும் அதே இடத்திற்குத் திருப்புவார். உடனே மேலே இருக்கும் பதில் முள்ளும் அங்கே வந்து நிற்கும். உத்தரவு போனதற்கு ஓர் அடையாளம், அது புரிந்துகொள்ளப்பட்டதற்கு வேறோர் அடையாளம். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற நல்ல பழக்கம் அதிலேயே இருந்தது.

மின்தூக்கியில் மாட்டிக்கொண்டால்

லிஃப்ட் நின்றுவிட்டால் கதவை நெம்பித் திறக்க முயலக் கூடாது. பாதி மாடியில் நிற்கும் கூண்டிலிருந்து இறங்கப் பார்த்து, கீழே உள்ள பள்ளத்தில் விழும் அபாயம் உண்டு. உள்ளே இருப்பதே பாதுகாப்பு. காற்று வர இடைவெளிகள் இருக்கும். மூச்சு முட்டிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

மணிப்படம் போட்ட பொத்தானைத் தொட்டு விட்டுவிடாமல், சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். தெரியாமல் கைபட்டு அழைப்பு போகாதிருக்கச் சில பெட்டிகளை அப்படி அமைத்திருக்கிறார்கள். ஐரோப்பியத் தரவிதிப்படி அமைந்த பலகைகளில் இரண்டு சிறு படங்கள் ஒளிரும். மஞ்சள் ஒளிர்ந்தால் அழைப்பு போய்விட்டது. பச்சை ஒளிர்ந்தால் பேச்சுத் தொடர்பு கிடைத்துவிட்டது, இப்போது பேசலாம். மஞ்சள் மட்டும் ஒளிர்ந்து குரல் வரவில்லை என்றால் மறுபடி அழுத்துங்கள், கதவைத் தட்டிக் குரல் கொடுங்கள். கைப்பேசியில் தொடர்பு கிடைத்தால் 999 ஐ அழையுங்கள்.

ஆஸ்பத்திரியில்

நம் பெரியவர்களிடம் ஒரு குணம் உண்டு. "பாவம், நர்ஸுக்கு எவ்வளவு வேலை! அவரை ஏன் தொந்தரவு செய்வது?" என்று அழைப்புப் பொத்தானைத் தொடமாட்டார்கள். தாமே இறங்கிக் கழிப்பறைக்கு நடந்து, வழியில் விழுந்துவிடுவார்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் வந்த நோயைவிட அதுவே பெரிய நோயாகிவிடும். தாதியருக்கும் அழைப்புக்கு வருவதைவிட விழுந்தவரைத் தூக்குவதுதான் பெரிய வேலை. பொத்தானை அங்கே வைத்திருப்பதே அழுத்துவதற்காகத்தான் என்று பெரியவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பொத்தானை அழுத்தினால் கட்டிலருகே ஒரு சிறுவிளக்கும், அறை வாசலுக்கு மேலே ஒரு விளக்கும் எரியும். அழைப்பு பதிவாகிவிட்டது என்பதே அதன் பொருள். பல ஆஸ்பத்திரிகளில் அந்த விளக்கைத் தாதியர் கட்டிலருகே வந்துதான் அணைக்க முடியும். தூரத்தில் இருந்தபடி அணைத்துவிட்டு மறந்துபோகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. ஆகவே விளக்கு எரியும்வரை இன்னும் யாரும் வரவில்லை என்று அர்த்தம். துணைக்கு இருப்பவர் அதைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம்.

கழிப்பறையில் சிவப்புக் கயிறு தொங்கினால் அதை முடிந்து மேலே மாட்டிவிடாதீர்கள். தரையில் விழுந்து கிடப்பவரின் கைக்கு எட்ட வேண்டும் என்பதற்காகத்தான் அதைத் தாழ விட்டிருக்கிறார்கள்.

ஆலையில்

செம்பனை ஆலையில் பழக்குலைகளை வேகவைக்கும் கலத்தில் நீராவி சுமார் 3 பார் அழுத்தத்தில் நிற்கும். சுற்றிலும் எந்திரச் சத்தம். அங்கே மணி அடித்தாலும் காதில் விழாது என்பதால் அழைப்பைச் சுழல்விளக்காலோ மினுக்கும் விளக்காலோ காட்டுவார்கள். காதில் பொருத்திப் பேசும் கருவியும் சில இடங்களில் உண்டு.

இங்கே ஒரு விதியை மறக்கக் கூடாது. கலத்திற்குள்ளோ தொட்டிக்குள்ளோ ஆள் இறங்கும்போது, "நீராவியை அடைத்தாயிற்று" என்று இண்டர்காமில் கேட்ட ஒரு வார்த்தையை மட்டும் நம்பக் கூடாது. வால்வை அடைத்துப் பூட்டுப் போட்டு, 'ஆள் உள்ளே' என்று அட்டை மாட்ட வேண்டும். அடைபட்ட இடங்களில் வேலை செய்வது பற்றி நம் நாட்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2010 இல் வெளியிட்ட நடைமுறை விதிகள், வெளியே ஒருவர் காவலாக நிற்க வேண்டும் என்கின்றன. உள்ளே இருப்பவருடன் அவர் தொடர்பு வைத்திருக்க வேண்டும். 1994 ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இன்னோர் உரிமையையும் தருகிறது. உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம்.

பலகையில் எழுதியிருக்கும் சொற்கள்

பெட்டியின் மேல் தமிழில் எழுதியிராது. மலாயிலோ ஆங்கிலத்திலோதான் இருக்கும். வீட்டுப் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் இந்தச் சில சொற்களைக் காட்டிக் கொடுங்கள். 'தெக்கான்' என்றால் அழுத்து. 'பங்கிலான்' அல்லது 'கால்' என்றால் அழைப்பு. 'சாக்காப்' அல்லது 'டாக்' என்றால் பேசு. 'டெங்ஙார்' அல்லது 'லிசன்' என்றால் கேள். 'கெசெமாசான்' என்றால் அவசரம். 'பிஸி' விளக்கு எரிந்தால் கம்பியில் வேறொருவர் பேசுகிறார். 'ரோசாக்' என்று ஒட்டியிருந்தால் பெட்டி பழுது. அதை நம்பி நிற்க வேண்டாம்.

எதிர்முனையில் மலாயில் பேசுவார்கள் என்று வாயடைத்துப் போக வேண்டாம். "தோலோங், சாயா தெர்பெராங்காப் டாலாம் லிஃப்ட்" என்றால், "உதவுங்கள், நான் மின்தூக்கியில் மாட்டிக்கொண்டேன்" என்று பொருள். பிறகு புளோக், திங்காட் என்று கட்டடத்தையும் மாடியையும் சொல்லுங்கள். முடிவில் "சிலா ஊலாங்" என்று கேளுங்கள். "தயவுசெய்து திருப்பிச் சொல்லுங்கள்" என்பது அதன் பொருள். அவர் திருப்பிச் சொல்வது சரியாக இருந்தால்தான் செய்தி போய்ச் சேர்ந்தது.

சிறு கோளாறுகள்

மின்விளக்கே எரியவில்லை என்றால் முதலில் பிளக்கையும் சுவிட்சையும் பாருங்கள். விளக்கு எரிந்தும் சத்தம் இல்லையென்றால் ஒலிக்குமிழைப் பாருங்கள், பிறகு மறைவுச் சுவிட்சைப் பாருங்கள். கீச்சென்று ஊளையிட்டால் இரண்டு பெட்டிகள் மிக அருகில் இருக்கின்றன. ஒன்றின் சத்தத்தைக் குறையுங்கள். விட்டுவிட்டுக் கேட்டால் கம்பி இணைப்பில் ஈரமோ துருவோ ஏறியிருக்கலாம், எலி கடித்திருக்கலாம். இவற்றைச் சொல்லிவிட வேண்டியது நம் கடமை. பெட்டியைத் திறந்து பழுது பார்ப்பது தொழில் தெரிந்தவர் வேலை.

கம்பி இண்டர்காமுக்குக் கைப்பேசிக் கோபுரம் வேண்டாம். அலை கிடைக்காத கான்கிரீட் அறையிலும் இரும்புக் கூண்டிலும் அது பேசும். ஆனால் வாரம் ஒருமுறை யாராவது அழுத்திப் பார்த்தால்தான் அது பிழைத்திருக்கிறதா என்று தெரியும். உங்கள் அடுக்குமாடியின் குடியிருப்போர் கூட்டத்தில், மின்தூக்கியின் அழைப்புப் பொத்தானைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள், அந்த அழைப்பு யாரிடம் போகிறது என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் உடனே சோதிக்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு

எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் விளையாட்டை வீட்டிலும் செய்யலாம். இரண்டு காலிப் பால் டின்கள், நடுவே இழுத்துக் கட்டிய நூல். டின்னின் விளிம்பு கையைக் கிழிக்காதபடி தேய்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை தான் யார், எங்கே இருக்கிறது, என்ன உதவி வேண்டும் என்று மூன்று விவரங்களைச் சொல்ல வேண்டும். மறுமுனைப் பிள்ளை அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு விவரம் தவறினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாட்டியையும் சேர்த்துக்கொண்டு ஆடுங்கள். பொத்தானை அழுத்தக் கூசும் பாட்டிக்குப் பேரப்பிள்ளையைவிட நல்ல வாத்தியார் கிடைக்கமாட்டார்.

அழுத்துங்கள், பொறுங்கள், பேசுங்கள், கையை எடுத்துக் காது கொடுங்கள். மனிதக் குரல் ஒன்று நம் செய்தியைத் திருப்பிச் சொல்லும்வரை, எந்த விளக்கு எரிந்தாலும் ஓய வேண்டாம்.